கேள்விகள் உதிர்ந்த கடிதம்

போன வாரம் ஆபீஸில் ஒரு பழைய மின்னஞ்சலிலிருந்து நாலைந்து பத்திகளை நகலெடுத்துப் புது அஞ்சலில் ஒட்டினேன். ஒவ்வொரு வரியின் தலையிலும் வலப்பக்கம் பார்க்கிற ஒரு அம்புக்குறி வந்து நின்றது. சில வரிகளில் ஒன்று, சிலவற்றில் இரண்டு. வாக்கியங்கள் பாதியில் ஒடிந்து அடுத்த வரிக்குப் போயிருந்தன. இந்தக் குறியைப் பார்த்து எத்தனையோ வருடமாகிவிட்டது. நான் யோசிப்பதற்கு முன்னாலேயே என் இடது கை இரண்டு விசைகளை அழுத்திக்கொள்ள, வலது கை ‘எஸ்’ எழுத்தைத் தட்டிவிட்டது. ஒன்றும் நடக்கவில்லை. அந்த விசைக்குக் கட்டுப்படுகிற கட்டளை இந்த மெஷினில் கிடையாது. அதை எழுதியவள் நான்தான். எழுதிய மெஷின் போய்ப் பல வருடமாகிறது. கைக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

அப்புறம் ஒவ்வொரு அம்புக்குறியாகக் கையாலேயே அழித்தேன். அழிப்பதற்கு முன்னால் அந்த வரி என்ன சொல்கிறது என்று வாசித்துக்கொண்டேன். பக்கத்து நாற்காலிக்காரர் “எதுக்கு மேடம் இவ்ளோ நேரம்?” என்று கேட்டார். பழக்கம் என்றேன். அதற்கு மேல் என்ன சொல்வது? உங்களிடம் சொல்லலாம்.

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மாடியில், ஜப்பார் பாயின் பிரவுசிங் சென்டர் இருந்தது. பாய் வளைகுடாவில் பதினாலு வருடம் லாரி ஓட்டிவிட்டுத் திரும்பியவர். கீழே எஸ்.டி.டி. பூத், மேலே மூன்று கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், நான். பிரிண்டர் ரிப்பனின் மசி வாசனையும் பாயின் அத்தர் வாசனையும் கலந்து அந்த அறைக்கென்று ஒரு மணம் உண்டு. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். செருப்புத் தூசியில் வைரஸ் வந்துவிடும் என்று பாய் நம்பினார். ஆறு மாதம் கம்ப்யூட்டர் கிளாஸ் போய் சர்டிபிகேட் வாங்கியிருந்த நானும் கொஞ்ச நாள் அதை நம்பினேன் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள்.

நான் அரியலூர்க்காரி. தினமும் காலை பஸ்ஸில் பெரம்பலூர் வருவேன். சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகளுக்குப் பின்னாலேயே பஸ் ஊர்ந்து வரும். இறங்கும்போது என் தலைமுடி, புருவம், துப்பட்டா எல்லாம் வெள்ளை. “ஏம்மா, காளவாயிலேருந்தா வர?” என்பார் பாய். அரியலூர் ஒரு முறை மாவட்டமாகி, கொஞ்ச நாளில் மறுபடி பெரம்பலூரோடு சேர்ந்திருந்த சமயம் அது. “உங்க ஊர எங்களோட சேத்ததிலேருந்து எங்க ரோட்டுலயும் தூசி” என்று அடுத்த வரியும் வைத்திருப்பார். எனக்குச் சம்பளத்தைவிட அந்த அறையில் உட்கார்வதுதான் பெருமை. பஸ்ஸில் யாராவது என்ன வேலை என்று கேட்க மாட்டார்களா என்று காத்துக்கொண்டே வருவேன்.

வேலை பெரும்பாலும் கடிதம்தான். சுற்று வட்டாரத்துக் கிராமங்களில் வீட்டுக்கு ஒருவர் துபாய், மஸ்கட், சிங்கப்பூர் என்று போயிருந்தார்கள். தபால் போனால் பதினைந்து நாள். போன் பேசினால் நிமிடம் எகிறும். அதனால் பெண்கள் எங்களிடம் வந்து சொல்லச் சொல்ல, நான் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து சென்டரின் முகவரியிலிருந்து அனுப்புவேன். அந்தப் பக்கம் கம்பெனி ஆபீஸில் வேலை பார்க்கிற யாராவது ஒரு தமிழ் ஆள் அதை வாசித்துக் காட்டி, அவர் சொல்லும் பதிலை அடித்து அனுப்புவார். காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை போன் லைனைக் கம்ப்யூட்டரில் மாட்டி அஞ்சல்களை இறக்குவோம். எல்லாருடைய கடிதங்களும் ஒரே மெஷினுக்குள், ஆளுக்கு ஒரு ஃபோல்டரில் இருந்தன. ஒரு வட்டாரத்தின் குடும்ப விஷயம் முழுக்க எனக்குத் தெரியும். யார் வீட்டில் மாடு கன்று போட்டது, யார் மாமியார் பேசுவதை நிறுத்தியது, எல்லாம்.

வருகிற பதில்கள் பார்க்கச் சகிக்காது. நாம் அனுப்பிய கடிதம் அப்படியே அம்புக்குறிகளோடு திரும்பி வரும். பதில் அதற்கு மேலே இருக்கும். அதற்கு நாம் பதில் போட்டால் அம்பு இரண்டாகும், அப்புறம் மூன்றாகும். வரிகளோ துண்டு துண்டாக உடைந்திருக்கும். அதை நகலெடுத்து, ஒவ்வொன்றாகச் சரிசெய்து, பிரிண்ட் எடுத்துக் கொடுக்கக் கால் மணி நேரம் ஆகும். கிளாஸில் எனக்குப் பிடித்த ஒரே பாடம் மேக்ரோ. திரும்பத் திரும்பக் கையால் செய்கிற வேலையை ஒரு முறை மெஷினுக்கு எழுதிக் கொடுத்துவிட்டால், அப்புறம் இரண்டு மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால் போதும், அதுவே செய்துவிடும். அந்த மெயில் புரோகிராமுக்குள்ளேயே உட்கார்ந்து ஒரு வாரம் மல்லுக்கட்டி ஒரு மேக்ரோ எழுதினேன். அம்புக்குறியை எடுக்கும், உடைந்த வரிகளை ஒட்டும், பத்தி பிரிக்கும். ‘சுத்தம்’ என்று பெயர் வைத்தேன். பாய் கீழே போய் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து, என்னை அழுத்திக் காட்டச் சொன்னார்.

அந்த மிதப்பில் இன்னொன்றும் செய்தேன். கடிதங்கள் எல்லாம் ஒரே மாதிரிதான் தொடங்கும்: நான் நலம், நீங்கள் நலமா, வேளைக்குச் சாப்பிடவும். அதையும் ஒரு விசையில் வைத்துவிட்டேன். எதிரே உட்கார்ந்திருக்கும் பெண் “நான் நல்லா இருக்கேன், அவரு எப்படி இருக்காருன்னு…” என்று இழுத்து முடிப்பதற்குள் திரையில் அது வந்து நிற்கும். நலம் விசாரிப்பதையே பொத்தானுக்குள் போட்டுவிட்ட புத்திசாலி நான்.

கொஞ்ச நாளில் பாய்க்கு ஒரு குறை. “பிரிண்ட் நீளமா வருதும்மா. நாம அனுப்புன லெட்டரே திரும்பத் திரும்ப வருது. படிச்சதையேவா காசு குடுத்து வாங்குவாங்க?” நியாயமாகத்தான் பட்டது. ‘சுத்த’த்தில் ஒரு வரியை மாற்றினேன். அம்புக்குறியை மட்டும் எடுப்பதற்குப் பதில், அம்புக்குறி உள்ள வரியையே எடுத்துவிடு. நாம் எழுதியது போய்விடும். அவர் எழுதியது மட்டும் நிற்கும். மூன்று பக்கக் கடிதம் அரைப் பக்கத்துக்கு வந்தது. பாய் அன்றைக்கு எனக்கு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தார்.

மலர்க்கொடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் வயதுதான், ஆனாலும் என்னை அக்கா என்பாள். வாலிகண்டபுரத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவள். பிறந்த வீடு கல்லங்குறிச்சி, அதாவது எங்கள் ஊரிலிருந்து ஒரு பஸ் தூரம். அதனாலேயே எங்களுக்குள் ஒரு ஒட்டுதல். கல்யாணமாகி நாலு வருடம். அதில் புருஷனோடு இருந்தது பத்து மாதம். அவள் புருஷன் செல்வராசு மஸ்கட்டில் கட்டடத்துக்குக் கம்பி கட்டுகிற வேலையில் இருந்தார். குழந்தை இல்லை. ஆள் ஊரில் இல்லாமல் குழந்தை எப்படி வரும் என்று யாரும் கேட்கவில்லை. இவளைத்தான் கேட்டார்கள்.

வெள்ளிக்கிழமை தோறும் வருவாள். எட்டாவது படித்திருந்தாள். இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிக் கூட்டி வாசிக்க வரும், ஆனால் நேரமாகும். அதனால் நான் வாசித்துக் காட்டுவேன். அவர் எழுதியதில் வேடிக்கையான இடம் வந்தால் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, “இன்னொருக்கா படிங்க அக்கா” என்பாள். செல்வராசு வேடிக்கையான மனிதர்தான். ஒரு தடவை, அங்கே ஒரு பூனை தன்னிடம் தினமும் சோறு கேட்டு வருகிறது, அதற்கு உன் பெயர் வைத்திருக்கிறேன் என்று எழுதியிருந்தார். அதை மூன்று வெள்ளிக்கிழமை வாசித்தேன்.

அந்த வருடம் சித்திரையில் ஒரு கடிதம் எழுதினாள். நிறையக் கேள்விகள். செல்வராசுவின் தம்பி குமாருக்குப் பெண் பார்த்திருந்தார்கள். ‘பொண்ணு விசயத்துல நீங்க சம்மதம் சொல்லிட்டதா அத்தை சொல்றாங்க, நெசமா? போட்டோ வந்துச்சா, பொண்ணு எப்படி? எப்ப வெச்சுக்கலாம்? எங்கம்மாவுக்குக் கண் ஆபரேசன், நான் போய்ப் பாத்துக்கட்டுமா? உங்க முதுகுவலி எப்படி இருக்கு?’ நான்தான் அடித்தேன்.

பதில் வரவில்லை. செல்வராசுவை வேறு சைட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். கடிதம் அடித்துக் கொடுக்கும் நண்பர் பழைய சைட்டில் இருந்தார். அதற்குள் குமார் விஷயமெல்லாம் பக்கத்து வீட்டுப் போனில் பேசி முடிந்து, ஆவணியில் கல்யாணம் என்றாகிவிட்டது. கண் ஆபரேசனும் நடந்து முடிந்தது. அந்தக் கேள்விகளை அவளே மறந்துவிட்டாள், நானும்தான்.

அந்தக் கடிதம் போய் ஒரு மாதத்தில் முகம் வீங்கி வந்து உட்கார்ந்தாள். மாமியார் புதிதாக ஒரு பேச்சை ஆரம்பித்திருந்தார். சின்னவனுக்கு முடிந்த கையோடு பெரியவனுக்கும் வேறு ஒரு பெண்ணைப் பார்த்துவிட வேண்டியதுதான், அவனும் அதைத்தான் சொல்கிறான் என்று. “எழுதுங்க அக்கா. ஒரே ஒரு கேள்விதான். ‘உங்கம்மா இப்படிச் சொல்றாங்க, நெசமா?’ அவ்ளோதான்.” நலம் விசாரிப்பு விசையை அன்றைக்கு அழுத்தவில்லை. ஒரு வரி அடித்தேன், அனுப்பினேன்.

இரண்டு வாரத்தில் பதில் வந்தது. ஆனால் அது அந்த ஒரு வரிக்கு வந்த பதில் அல்ல. சித்திரையில் எழுதிய பழைய கடிதத்துக்கு, போனில் பேசி முடிப்பதற்கு முன்னாலேயே அவர் சொல்லி, நண்பர் தாமதமாக அனுப்பிய பதில். நண்பர் ஒவ்வொரு கேள்விக்கும் கீழே அவர் சொன்ன பதிலைத் தனித்தனியாக அடித்திருந்தார். கேள்வி, பதில், கேள்வி, பதில் என்று. கேள்விகளின் தலையில் அம்புக்குறி.

அன்றைக்கு பிளஸ் டூ ரிசல்ட். மாடிப்படியில் நிற்க இடமில்லை. ஒருத்தன் அழுகிறான், ஒருத்தி குதிக்கிறாள், பாய் எல்லாருக்கும் எண் வாங்கிப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார். மலர்க்கொடி கூட்டத்தில் நசுங்கி என்னிடம் வந்தாள். “வந்திருக்கா அக்கா?” “வந்திருக்கு மலர்.” நகலெடுத்து, ஒட்டி, ‘சுத்தம்’ செய்து, பிரிண்ட் எடுத்து மடித்து அவள் கையில் கொடுத்தேன். அவள் கொஞ்ச நேரம் நின்றாள். “இன்னிக்கு நீயே படிச்சுக்கறியா? கூட்டத்தப் பாரு” என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டுப் போனாள்.

பஸ்ஸில் எழுத்துக் கூட்டி வாசித்திருக்கிறாள். அவள் கையில் இருந்தது இதுதான்:

‘ஆமா. அம்மா சொன்னது நெசம்தான். நான் சம்மதம் சொல்லிட்டேன். போட்டோ பாத்தேன். பொண்ணு நல்லா இருக்கு, எனக்குப் பிடிச்சிருக்கு. சீக்கிரமே முடிச்சிடலாம். நீ உங்க அம்மா வூட்டுக்குப் போ. இப்ப நீ அங்க இருக்கறதுதான் நல்லது. எனக்கு ஒண்ணும் இல்ல, இனிமே என்னப் பத்திக் கவலப்படாத.’

நான் இதைப் பார்த்தது இரண்டு மாதம் கழித்து. சிங்கப்பூரில் மகன் இருக்கும் ஒருவர் பிரிண்டைத் தூக்கிக்கொண்டு வந்து, “என்னம்மா இது, பதிலு மட்டும் இருக்கு, கேள்வியக் காணோம்? ‘வித்துடுங்க’ன்னு எழுதியிருக்கான். எத விக்கச் சொல்றான், மாட்டையா, மனையையா?” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அசல் அஞ்சலைத் திறந்தபோதுதான் விளங்கியது, கேள்விகளையும் ‘சுத்தம்’ தூக்கியிருக்கிறது என்று. மேக்ரோவில் அந்த வரியை மாற்றிய நாளிலிருந்து வந்த எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கத் தொடங்கினேன். மலர்க்கொடியின் ஃபோல்டருக்கு வந்தேன். அப்போதுதான் உறைத்தது, அவள் இரண்டு மாதமாக வரவே இல்லை. அம்மாவுக்குக் கண் சரியில்லாமல் அங்கேயே இருக்கிறாள் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

பாயிடம் சொன்னேன். “வேணும்னு பண்ணல பாய், நல்லதுன்னுதான்…” என்றேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டார். “உன் நிய்யத்து, உன் எண்ணம், நல்லதுதாம்மா. அடிபட்டவளுக்கு அதுவா மருந்து? போன் கீன் பண்ணாத. நேர்ல போ.”

ஞாயிற்றுக்கிழமை முழுக் கடிதத்தையும், அம்புக்குறியோடு, அப்படியே பிரிண்ட் எடுத்துக்கொண்டு கல்லங்குறிச்சி போனேன். கோவிலுக்கு வந்த கூட்டம் பஸ்ஸில் நெரிந்தது. யாரோ ஒரு குழந்தைக்கு மொட்டையடித்துச் சந்தனம் பூசியிருந்தார்கள், அந்த வாசனை முழுக்க என் மேல். இன்றைக்கும் சந்தனம் மணத்தால் எனக்குக் கை வேர்க்கும்.

மலர்க்கொடி கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். ஆள் பாதியாகியிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு பேப்பரை வாங்கினாள். நான் வாசிக்கட்டுமா என்றேன். வேண்டாம் என்றாள். கூட்டிக் கூட்டி அவளே வாசித்தாள். உதடு அசைவதைப் பார்த்துக்கொண்டு நான் துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. வாசித்து முடித்ததும் முதலிலிருந்து மறுபடி வாசித்தாள்.

“முதுகுவலிக்குச் சொன்னதா இது?” என்று கடைசி வரியில் விரலை வைத்துக் கேட்டாள்.

“ஆமா.”

“அவருக்கு முதுகுவலி இல்லைன்னு இன்னிக்குத்தான் அக்கா எனக்குத் தெரியுது.”

அப்புறம்தான் அழுதாள். நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. நடந்ததையெல்லாம் அவள் அம்மாதான் சொன்னார். பிரிண்ட் வாங்கிப் போன அன்றைக்குச் சாயங்காலமே அந்தப் பேப்பரை மாமியாரிடம் நீட்டியிருக்கிறாள். அந்தம்மா சும்மா மிரட்டிக்கொண்டிருந்தவர்தான். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் வாசித்துக் காட்டியதும், “என் புள்ளையே எழுதிட்டான்ல, அப்புறம் என்ன?” என்று நிமிர்ந்துவிட்டார். மறுநாள் மலர்க்கொடி பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டாள். செல்வராசு போனில் கூப்பிட்டபோது பேச மறுத்தாள். தான் அப்படி எழுதவே இல்லை என்று அவர் சொன்னதும், எழுத்தில் கொடுத்துவிட்டு வாயால் மறுக்கிறான் என்று அவள் அண்ணன்கள் கொதித்தார்கள். பேப்பரை வைத்துப் போலீஸில் புகார் கொடுத்தார்கள். மாமியாரையும் குமாரையும் விசாரணைக்குக் கூப்பிட்டு, சாயங்காலம்தான் அனுப்பினார்கள். ஸ்டேஷன் வாசலில் நின்றதை யாரோ பார்த்துச் சொல்ல, குமாருக்குப் பேசிய பெண் வீட்டார் தட்டை மாற்றிக்கொள்ள மாட்டோம் என்று விலகிவிட்டார்கள்.

“வாங்க அக்கா, போவோம்” என்றாள் மலர்க்கொடி. ஈரப் புடவையை மாற்றக்கூட இல்லை. மூன்று பஸ் மாறி அந்தக் கிராமத்துக்குப் போனோம். வழியெல்லாம் அந்தப் பேப்பரை மடியில் விரித்தே வைத்திருந்தாள். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம்கூட இருந்தது. உண்மை கையில் இருக்கிறது, போய்க் காட்டினால் முடிந்துவிடும் என்று நாங்கள் இரண்டு பேருமே நம்பினோம்.

மாமியார் எங்களை உள்ளே கூப்பிடவில்லை. வாசலில் நின்றபடியே நான் எல்லாவற்றையும் சொன்னேன். மேக்ரோ என்பதை எந்தத் தமிழில் சொல்வது? “நான் மெஷினுக்கு ஒரு வேலை சொல்லிக் குடுத்திருந்தேங்க, அது கேள்வியையெல்லாம் எடுத்திடுச்சுங்க” என்றேன். அந்தம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“ஏ பொண்ணு, மொதப் பேப்பரு உங்க கடையில வந்ததுதானே?”

“ஆமாங்க.”

“இதுவும் உங்க கடையில வந்ததுதானே?”

“ஆமாங்க.”

“அது பொய்யின்னா இது மட்டும் எப்படி நெசம்? கம்ப்யூட்டரு தப்பு பண்ணாதுன்னு ஊரே சொல்லுது. இவ அழுதான்னு நீ புதுசா அடிச்சிக்கிட்டு வந்திருக்க.”

உள்ளேயிருந்து குமார் வந்து நின்றார். சத்தம் போடவில்லை. “அண்ணி, நீங்க என்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல? அந்தப் பொண்ணு போட்டோவ நாந்தானே உங்களுக்கு மொதல்ல காட்டுனேன்” என்றார். மலர்க்கொடி தலையைக் குனிந்துகொண்டாள். கதவு சாத்தவில்லை, திட்டவில்லை. அவர்கள் உள்ளே போய்விட்டார்கள், அவ்வளவுதான். நாங்கள் நடந்து ரோட்டுக்கு வந்தோம்.

மறுநாளே செல்வராசுவுக்கு நடந்ததை எல்லாம் எழுதினேன். ஒரு வாரத்தில் பதில் வந்தது. ‘சுத்தம்’ செய்யாமல், அப்படியே வாசித்தேன். ‘தங்கச்சி, உங்க மேல கோவம் இல்ல. அவ அந்த ஒரு வரி கேட்டது எனக்கு வந்துச்சு. இப்படியும் ஒருத்தி கேப்பாளான்னு சிரிச்சிட்டு விட்டுட்டேன். நேர்ல போய் அவளக் கேலி பண்ணலாம்னு இருந்தேன். அன்னிக்கே இல்லைன்னு ஒரு வார்த்த எழுதியிருக்கணும்.’ மேக்ரோவை அன்றே அழித்தேன். யாருக்கு என்ன பயன்?

அவர் தை மாதம் லீவில் வந்தார். கல்லங்குறிச்சிக்கும் ஒரு நாள் போனார். மலர்க்கொடிதான் சொன்னாள். காபி குடித்தாராம். கண் எப்படி இருக்கிறது என்று அவள் அம்மாவைக் கேட்டாராம். அப்புறம், “அம்மா உன்ன வூட்டுக்குள்ள வுட மாட்டேங்குது. அது போகட்டும், தனியாக்கூட இருந்துக்கலாம். தம்பி மொகத்தத்தான் என்னால பாக்க முடியல மலரு” என்றாராம். இவள் எழுந்து வாசல் வரைக்கும் போயிருக்கிறாள்.

“போயிட்டு வாங்கன்னு சொன்னேன் அக்கா. போங்கன்னு சொல்ல வாய் வரல.”

அவர் திரும்பி வரவில்லை. அடுத்த வருடம் இரண்டு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி, எழுதி வாங்கி, தீர்த்துவிட்டார்கள். அதற்கு அடுத்த வருடம் அவருக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆனது. அந்தப் பேப்பரில் இருந்த பொய், வரிக்கு வரி, உண்மையாகிவிட்டது. குமார் திருப்பூர் பக்கம் வேலைக்குப் போய்விட்டதாகக் கேள்வி.

மலர்க்கொடி ஒரு நாள் சென்டருக்கு வந்தாள். என் முகத்தில் இனி விழிக்க மாட்டாள் என்று நினைத்திருந்தேன். “எனக்கு இதுல படிக்கறதுக்குச் சொல்லிக் குடுங்க அக்கா. இன்னொருத்தரு எடுத்துக் குடுக்கறத நான் இனிமே படிக்க மாட்டேன்” என்றாள். குத்திக் காட்டச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாள். சில மாதங்களில் நன்றாகவே பழகிவிட்டாள். பிறகு அரியலூரில் ஒரு ஆபீஸில் வேலை கிடைத்தது.

இப்போது அந்த மாடியில் செல்போன் கடை இருக்கிறது. ஜப்பார் பாய் இப்போது இல்லை, மௌத்தாகிவிட்டார். அவருடைய அத்தரை எந்தக் கடையில் கேட்டாலும் அந்த வாசனை கிடைப்பதில்லை. மலர்க்கொடி கொடுத்த எண் ரொம்ப நாளாக வேலை செய்வதில்லை. எல்லார் கையிலும் போன் வந்த பிறகு கடிதம் சொல்லி எழுதுகிறவர்கள் நின்றுபோனார்கள். அரியலூர் மறுபடி தனி மாவட்டமான அந்த வருடத்தில்தான் பாய் சென்டரை மூடினார். மெஷின்களை விற்பதற்கு முன்னால், தெரிந்தவர்களுக்கெல்லாம் சொல்லி அனுப்பினேன், உங்கள் கடிதம் ஏதாவது வேண்டுமென்றால் வாருங்கள் என்று. யாரும் வரவில்லை. மலர்க்கொடி மட்டும் வந்தாள், ஆபீஸுக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு.

பிரிண்ட் எடுக்கட்டுமா என்று கேட்டேன். “பேப்பரு வேணாம் அக்கா” என்றாள். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, தன் ஃபோல்டரைத் திறந்து, முதல் கடிதத்திலிருந்து வாசிக்க ஆரம்பித்தாள். இப்போது உதடு அசையவில்லை. ஒன்றை வாசித்து முடித்ததும் அதை அழித்தாள். அடுத்ததை வாசித்தாள், அழித்தாள். பூனைக் கடிதம் வந்தபோது ஒரு நிமிடம் முந்தானை வாய்க்குப் போனது. பிறகு அதையும் அழித்தாள். கடைசியில் ஒன்று மிச்சமிருந்தது. கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“இங்க அழிச்சா, அவருகிட்ட இருக்கறதும் அழிஞ்சிடுமா அக்கா?”

“இல்ல மலர். அவருகிட்ட இருக்கும்.”

“அப்ப சரி. வெச்சிருந்தா வெச்சிருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு விசையை அழுத்தினாள்.

செல்வராசுவிடம் கம்ப்யூட்டர் என்று எதுவும் கிடையாது. கடிதங்களை அடித்துக் கொடுத்த நண்பர் எப்போதோ வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். அவருடைய பழைய முகவரிக்கு எழுதினால் அப்படி ஒருவர் இல்லை என்று திரும்பி வந்துகொண்டிருந்தது. எனக்கு அது அப்போதே தெரியும். அந்தக் கடிதங்கள் இருந்த கடைசி இடம் அந்த மெஷின்தான்.